நாற்பத்தொரு துளி

சிற்றம்பலத்தார் வளவுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு அவியாது. காலையில் அடுப்பில் ஏற்றினால் மத்தியானம்வரை முழித்துக்கொண்டு கிடக்கும். கேத்திலுக்குள் சுண்ணாம்பு தடிப்பாகப் பிடித்து, மாதம் ஒரு தரம் சத்தகக் கத்தியால் தட்டி உடைக்க வேண்டும். தேத்தண்ணீர் ஆறினால் மேலே ஆடை மாதிரி ஒன்று படரும். உருத்திரபுரத்தில் அந்தப் பக்கத்துக் காணிகள் பத்துப் பன்னிரண்டுக்கும் இதே கதைதான். வேலணைத் தீவில் உப்புத் தண்ணீர் குடித்துச் சலித்துப்போய், இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்கிற இடம் என்று கேள்விப்பட்டு, அரசாங்கக் காணி மூன்று ஏக்கருக்கு விண்ணப்பம் போட்டு வந்த குடும்பம் அது. இரணைமடுத் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தது, அதுவும் வாய்க்கால் திறக்கிற காலத்தில் மட்டும். குடிக்கிறதுக்குக் கிணறுதான்.

நான் அப்போது கிளிநொச்சியில் நீர்ப்பாசன இலாகா ஸ்ரோரில் கிளாக்காக இருந்தேன். சிற்றம்பலத்தார் வளவின் முன்கொட்டிலில் குடியிருப்பு, சாப்பாடும் அங்கேதான். ஒரே மகளை ஊரில் கட்டிக் கொடுத்துவிட்டு அவரும் மனைவி கமலாசனி அக்காவும் தனியே இருந்தார்கள். அந்த வருடம் மாரி பொய்த்து, குளத்தில் தண்ணீர் இல்லையென்று சிறுபோகத்துக்கு வாய்க்கால் திறக்கமாட்டோம் என்றுவிட்டார்கள். வயலில் வேலை இல்லாததால் சிற்றம்பலத்தார் இலாகாவில் நாட்கூலிக்குச் சேர்ந்திருந்தார். செக்றோலில், அதுதான் கூலிப் பதிவேட்டில், அவருடைய பெயருக்கு நேரே 'தண்ணீர் காவுதல்' என்று எழுதுவேன். யாருக்குத் தண்ணீர் என்று எழுத அதில் இடம் இல்லை.

மீனுக்குத்தான் தண்ணீர். எங்கள் இலாகாவின் கனகலிங்கம் எஞ்சினியர் தன் பங்களா முன்விறாந்தையில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் ஆறு ஏஞ்சல் மீன் விட்டிருந்தார். தட்டையாக, கறுப்புக் கோடு போட்டு, நீண்ட செட்டையை ஆட்டிக்கொண்டு நிற்கிற சாதி. கொழும்பிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டு வந்தாராம். அந்த மீனுக்குச் சுண்ணாம்பேறின கல்லுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. மென்மையான தண்ணீர், அதுவும் கொஞ்சம் புளிப்பேறின தண்ணீர் வேண்டும். இரணைமடுக் குளம் நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடுகிற வானுக்குக் கீழே ஆற்றில் ஒரு மடு இருந்தது. இரு கரையும் மருத மரம். இலை விழுந்து ஊறி, வெறுந்தேத்தண்ணீர் நிறத்தில் தண்ணீர் நிற்கும். பங்களாவிலிருந்து நாலு கட்டை, அதாவது நாலு மைல் தூரம். ஒன்றைவிட்டொரு நாள் சிற்றம்பலத்தார் இலாகாச் சைக்கிளின் பின்பக்கம் இரண்டு மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு போய் நிரப்பி வருவார்.

எஞ்சினியர் அவருக்குத் தண்ணீரை அளக்கவும் காட்டிக் கொடுத்திருந்தார். சின்னப் போத்தலில் கோடு வரைக்கும் தண்ணீர் எடுத்து, சவுக்காரக் கரைசலைத் துளி துளியாக விட்டுக் குலுக்க வேண்டும். நுரை ஐந்து நிமிடம் கலையாமல் நிற்கும்வரை எத்தனை துளி என்று எண்ணினால் தண்ணீரின் கடுமை தெரியும். புளிப்புக்கு நீலத் தாள். மடுத் தண்ணீரில் தோய்த்தால் சிவக்கும், கிணற்றுத் தண்ணீரில் சிவக்காது. சிற்றம்பலத்தார் இதைப் பிடித்துக்கொண்டது எஞ்சினியருக்கே ஆச்சரியம். எனக்கு இல்லை. தீவில் உப்புக் கிணற்றோடு பிறந்தவனுக்குத் தண்ணீரைப் பற்றிப் பேச ஒரு சாட்டுக் கிடைத்தால் விடுவானா? ஒரு ஞாயிற்றுக்கிழமை போத்தலை வீட்டுக்கே கொண்டுவந்து விட்டார்.

"இஞ்சாரும், உம்மட கிணறு நாப்பத்தொரு துளி குடிக்குது" என்றார்.

கமலாசனி அக்கா குசினி வாசலில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "என்ர கிணறோ? காணி உங்கட பேரிலதானே கிடக்குது."

"மடுத் தண்ணி எட்டுத் துளியில நுரைச்சு நிக்குது. பங்களாக் கிணறு முப்பத்தாறு. நான் பாத்த கிணறுகளுக்குள்ள உதுதான் ஆகக் கூட."

"ஆகக் கூட எண்டா ஏதும் பரிசு தருவினமோ?"

"பகிடி விடாதையும். உதைத்தான் நாங்கள் நாளும் பொழுதும் குடிக்கிறம்."

"வேற என்னத்தைக் குடிக்கிறது? எனக்கும் ஆரும் ரெண்டு தகரம் காவி வந்து ஊத்தினா நானும் செட்டையை ஆட்டிக்கொண்டு நிப்பன்."

மூன்று பேரும் சிரித்தோம். அது தை மாதம்.

மாசியில் அவளுக்கு வருத்தம் கண்டது. பட்டப்பகலில், நெல் குற்றிக்கொண்டிருந்தவள் உலக்கையைப் போட்டுவிட்டு நாரியை, பின் இடுப்பை, பிடித்துக்கொண்டு நிலத்தில் உருண்டாள். நான் ஓடிப்போய் வண்டில் பிடித்து வந்தேன். சிறுநீரோடு இரத்தம் போயிருக்கிறது, வெட்கத்தில் அதை இரண்டு கிழமையாக ஒருவருக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரி ஐயா பார்த்துவிட்டுக் கல்லடைப்பு என்றார். மருந்து கொடுத்தார். வெளியே வந்து சிற்றம்பலத்தாரிடம், "மருந்து ஒரு பக்கம் கிடக்கட்டும். அந்தக் கிணத்துத் தண்ணியை நிப்பாட்டும். குளத்துத் தண்ணி, மழைத் தண்ணி, எதெண்டாலும் பறவாயில்லை. நிப்பாட்டாட்டில் திரும்பத் திரும்ப வரும். பிறகு எலும்பும் தோலுமாத்தான் பாப்பீர்" என்றார்.

மழைக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது. மகள் வீட்டுக்கு அனுப்பலாம் என்றால் அங்கே உப்புக் கிணறு. குளம் எங்கள் வளவிலிருந்து ஏழெட்டுக் கட்டைக்கு அப்பால். சொந்தச் சைக்கிளும் இல்லை.

அக்காதான் ஒரு வழி சொன்னாள். "நெல்லிக் கட்டை போடுங்கோ. அப்பு உயிரோட இருக்கேக்க எங்கட கிணத்துக்குப் போட்டவர். தண்ணி இனிக்கும்."

சிற்றம்பலத்தார் காட்டுக்குள் போய் நெல்லி மரம் தறித்து, பட்டை உரிக்காமல் துண்டு துண்டாக்கிக் கிணற்றுக்குள் இறக்கினார். இரண்டு கிழமையில் தண்ணீர் இலேசாக நிறம் மாறியது. துவர்ப்புப் போய் நாக்கில் ஒரு இனிப்புத் தட்டியது.

"பாத்தியளே!" என்று அக்கா செம்பை நீட்டினாள். "தம்பி, நீயும் குடிச்சுப் பார். இளநி மாதிரி இல்லையே?"

நானும் குடித்தேன். நல்லாகத்தான் இருந்தது. சிற்றம்பலத்தார் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் போத்தலோடு குந்தியிருந்தார். நான் போனதும் நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தனை அண்ணை?"

"நாப்பத்தொண்டு. அப்பிடியே நிக்குது தம்பி. நாக்கைத்தான் ஏமாத்தியிருக்கு. கல்லு அதுக்குள்ளதான் கிடக்குது." கொஞ்ச நேரம் போத்தலைக் குலுக்கிக்கொண்டே இருந்தார். "அவவுக்குச் சொல்லாதையும்."

பங்குனியில் எஞ்சினியர் நாலு மாதப் படிப்பொன்றுக்குச் சீமைக்குப் புறப்பட்டார். குடும்பம் கொழும்புக்குப் போனது. பங்களாவையும் மீனையும் சிற்றம்பலத்தாரிடம் ஒப்படைத்து, "ஆத்துத் தண்ணியைத் தவிர வேற தண்ணி ஒரு சொட்டும் போகப்படாது, சிற்றம்பலம். போனா வந்து பாக்க எனக்கு மீன் இராது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன மூன்றாம் நாள் சிற்றம்பலத்தார் ஒரு தகரம் மடுத் தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுவந்து குசினியில் இறக்கினார்.

அக்கா பயந்துவிட்டாள். "மீனுக்கு?"

"மீனுக்கு ஒரு தகரம் ஊத்தியாச்சு. மற்றதுக்குப் பதிலாக் கொஞ்சம் பங்களாக் கிணத்துத் தண்ணி."

"ஐயா சொட்டும் விடவேண்டாமெண்டெல்லே சொன்னவர்? அதுகள் செத்துதெண்டா வேலையும் போய், குற்றமும் சுமக்க வேணும்."

"முழுக்க விடேல்லை. ஒரு சிரட்டைதான் கலந்தனான். அடுத்த முறை ரெண்டு. சடுதியா மாத்தினாத்தான் சாகும். மெல்ல மெல்லப் பழக்கினா எந்தச் சீவனும் பழகும்."

"நாங்கள் பழகின மாதிரி" என்றாள் அக்கா.

அந்த மூன்று மாதமும் சிற்றம்பலத்தார் பட்ட பாட்டை நான் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் துளி எண்ணுவார். பத்து, பன்னிரண்டு, பதினாலு. எழுதி வைக்கத் தெரியாததால் விறாந்தைச் சுவர்க் கரையில் கரிக்கோடு கிழிப்பார். பத்தொன்பதாம் துளியில் ஒரு மீன் செட்டையைச் சுருக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கிவிட்டது. இரண்டு நாள் தீன் எடுக்கவில்லை. அவரும் சரியாகச் சாப்பிடவில்லை. தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்து, "என்ர ராசா, கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்று மீனோடு கதைத்தார். கலக்கிறதை ஒரு கிழமை நிறுத்தினார். மருதஞ்சருகு ஊறவைத்து ஊற்றினார். மீன் தெளிந்து தீனுக்கு வந்தது. பிறகும் ஏற்றினார். இருபத்தைந்துக்கு மேலே போனதும் எவ்வளவு சருகு போட்டாலும் நீலத் தாள் சிவக்கவில்லை. கல்லுத் தண்ணீர் புளிப்பையும் தின்றுவிடும் என்று என்னிடம் சொன்னார். இதை அவருக்கு எவரும் படிப்பிக்கவில்லை.

ஆனியில் மடு வற்றிச் சேறாகியது. மணலில் ஊற்றுத் தோண்டி, தேங்காய்ச் சிரட்டையால் அள்ளி வடித்து எடுக்க ஒரு தகரத்துக்குமேல் தேறாது. ஒரு தகரத்தை ஆருக்குக் கொடுப்பது? அவர் யோசித்ததாகவே எனக்குத் தெரியவில்லை. அது நேரே வீட்டுக்கு வந்தது. மீனுக்கு முழுக்க முழுக்கக் கிணற்றுத் தண்ணீர். பழைய ஆற்றுத் தண்ணீரும் மிச்சமிருந்த அந்த முப்பத்துநாலு துளித் தண்ணீரில் ஆறு மீனும் ஒன்றும் நடக்காதது போலச் செட்டையை ஆட்டிக்கொண்டு நின்றன.

அக்காவுக்கு நோவு நின்றுவிட்டது. முகத்தில் இரத்தம் ஓடியது. ஒருநாள் மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது குசினிக்குள்ளிருந்து கூப்பிட்டாள்.

"தம்பி, வந்து பார், பருப்புக் கரைஞ்சு போச்சுது!"

சட்டியில் பருப்பு மஞ்சள் களியாகத் தளதளத்தது. வெங்காயம், செத்தல் மிளகாய் தாளித்து, தேங்காய்ப்பால் விட்டிருந்தாள். குடிக்கிற தண்ணீரில் பேணியால் ஒரு சுண்டு அளந்து எடுத்து அவித்தாளாம். சிற்றம்பலத்தார் ஏசப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சோற்றில் பருப்பைக் குழைத்து ஒரு வாய் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "கலியாணம் முடிச்ச காலத்தில சாப்பிட்ட மாதிரிக் கிடக்குது" என்றார். "அப்ப மட்டும் என்ன, உப்புத் தண்ணிதானே" என்றாள் அக்கா. அந்த வீட்டில் நான் கண்ட நல்ல நாள் அது.

ஆடிப் பிறப்புக்கு முதல் நாள் ஸ்ரோருக்குத் தந்தி வந்தது. எஞ்சினியர் மூன்று கிழமை முந்தி வருகிறார், வெள்ளிக்கிழமை வந்துவிடுவார். நான் அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். கூழ் காய்ச்ச அரிசிமா வறுத்துக்கொண்டிருந்த அக்கா அகப்பையைக் கீழே வைத்தாள். சிற்றம்பலத்தாருக்கு வேர்த்துவிட்டது.

"மூண்டு கிழமையில மெல்ல இறக்கிவிடலாமெண்டிருந்தன். மூண்டு நாளில இறக்கினா எல்லாம் மிதக்கும்."

"அப்ப உண்மையைச் சொல்லுங்கோ" என்றாள் அக்கா. "பெண்சாதிக்கு வருத்தம், அப்போதிக்கரி ஐயா சொன்னவர் எண்டு சொல்லுங்கோ. அவரும் பெண்சாதி பிள்ளையள் உள்ள மனிசன்தானே."

"என்ர பெண்சாதியின்ர மூத்திரக் கதையைப் பங்களாவில போய் விளம்பச் சொல்லுறீரோ?"

"விளம்பினா என்ன? நோவு எனக்குத்தானே."

"சும்மா இரும். மீனுக்கெண்டு தந்த சைக்கிளில வீட்டுக்குத் தண்ணி காவினனான் எண்டு என்ர வாயாலேயே சொல்லவோ?"

வெள்ளிக்கிழமை பங்களாச் சாமான்களைச் சரிபார்த்து ஒப்படைக்க நானும் போயிருந்தேன். எஞ்சினியர் காரால் இறங்கி உடுப்பும் மாற்றாமல் தொட்டியடிக்கு வந்தார். ஆறு மீனையும் எண்ணினார். கொழுத்திருக்கு, வளர்ந்திருக்கு என்று குழந்தைப் பிள்ளை மாதிரிச் சந்தோசப்பட்டார். பிறகு சவுக்காரப் போத்தலை எடுத்தார். சிற்றம்பலத்தார் தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார்.

எட்டுத் துளி விழுந்தது. நுரை இல்லை. பன்னிரண்டு. இருபது. எஞ்சினியர் நிறுத்தி, போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் விட்டார். முப்பத்துநாலில் நுரை நின்றது.

"சிற்றம்பலம், இதென்ன தண்ணி?"

"கிணத்துத் தண்ணி ஐயா."

"எந்தக் கிணறு?"

"பங்களாக் கிணறு."

முடிந்தது என்று நினைத்தேன். எஞ்சினியர் மீனைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார், பிறகு பெரிதாகச் சிரித்தார்.

"ஏலாது எண்டெல்லே புத்தகம் சொல்லுது! எப்பிடிச் செய்தனீர்?"

அந்தக் கேள்வியில்தான் மனிதர் விழுந்தார். வேறு எதைக் கேட்டிருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு இரண்டு சொல்லில் முடித்திருப்பார். தண்ணீரைப் பற்றியல்லவா கேட்டுவிட்டார்? முதல் முறை ஒரு சிரட்டை, அடுத்த முறை இரண்டு, பத்தொன்பதில் நிறுத்தினது, சருகு ஊறவைத்தது, கல்லுத் தண்ணீர் புளிப்பைத் தின்கிறது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். சுவர்க் கரையில் கிடந்த கரிக்கோட்டையும் காட்டினார். பயமெல்லாம் போய்விட்டது. வேலணையில் பிறந்து ஐம்பது வருடம் தண்ணீரோடு மாரடித்த மனிதனிடம், படித்த ஒருவர் தண்ணீரைப் பற்றி முதன்முதலாகக் கேட்கிறார். எஞ்சினியர் குறிப்புப் புத்தகம் எடுத்து எழுதினார். "கொழும்பில மீன் வளர்க்கிற ஆக்கள் ஒரு சங்கம் வைச்சிருக்கினம். இதை அவைக்கு எழுதப்போறன்" என்றார். ஆருடைய பெயரில் எழுதுவார் என்று நான் கேட்கவில்லை.

"அது சரி, ஏன் இப்பிடிச் செய்ய நினைச்சனீர்?"

சிற்றம்பலத்தார் என்னைப் பார்த்தார். நான் மீனைப் பார்த்தேன்.

"கோடை ஐயா. மடு வத்திப் போச்சு."

எஞ்சினியர் கெட்ட மனிதர் இல்லை. அன்றைக்கு நான் வாய் திறந்து, அக்காவுக்கு வருத்தம் என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் சைக்கிள் என்ன, ஜீப்பிலேயே தண்ணீர் அனுப்பியிருப்பார். அவர் அப்படியானவர் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாமல் கிடக்கிறது.

அவர் சிற்றம்பலத்தாரின் தோளில் தட்டினார். "அப்ப உமக்கு ஏன் இந்த வெயிலுக்குள்ள எட்டுக் கட்டை ஓட்டம்? தோட்டக்காரன் ரெண்டு வாளி அள்ளி ஊத்தினாச் சரிதானே. பாவம், நாரி முறிய இழுத்திருக்கிறீர். திங்கக்கிழமையில இருந்து வாய்க்கால் துப்புரவு வேலைக்குப் போம். சைக்கிளைத் தில்லைநாதனிட்ட ஒப்படைச்சுவிடும்."

தில்லைநாதன் நான்தான். உள்ளே போய்ச் சீமைப் பிஸ்கற் பேணி ஒன்றும் எடுத்துவந்து அவருடைய கையில் கொடுத்தார்.

ஸ்ரோர்வரைக்கும் சிற்றம்பலத்தார் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வந்தார். ஏறவில்லை. உள்ளே நிறுத்திவிட்டு, கொளுவி வந்த இரண்டு தகரத்தையும் கழற்றிக் கீழே வைத்தார்.

"தம்பி."

"சொல்லுங்கோ அண்ணை."

"உது இஞ்ச சும்மாதானே நிக்கப்போகுது. கிழமைக்கு ஒருக்கா, ஞாயிற்றுக்கிழமையில, விடிய எடுத்துக்கொண்டுபோய் மத்தியானம் கொண்டு வந்து விடுறன்."

அவருடைய வீட்டில் மூன்று நேரம் சாப்பிடுகிறவன் நான். "ஐயா எழுதின துண்டு இல்லாமல் வெளியில விட ஏலாது அண்ணை. அவரிட்ட ஒருக்காக் கேளுங்கோவன்" என்றேன். உத்தியோகத்துக்கு வந்து ஒன்றரை வருடம். ஒரு ஆணி குறைந்தாலும் என் தலையில் விழும் என்ற பயம். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. "ஓம், அதுவும் சரிதான்" என்றார். என்னை ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஸ்ரோரிலிருந்து வீட்டுக்கு மூன்று கட்டையும் நடந்துதான் வந்தோம், அவர் முன்னால், நான் பின்னால். என்னிடம் பஸ் காசு இருந்தது. ஏற மனம் வரவில்லை. அக்கா படலையடியில் நின்றாள்.

"என்னவாம்?"

"நல்லாச் செய்தனீர் எண்டவர்."

"ஏசேல்லையோ?"

"இல்லை. பிஸ்கற் தந்து விட்டவர்."

அவள் முகம் மலர்ந்தது. பேணியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூடியில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை நாய்க்குட்டியோடு நின்றது. "நான் சொன்னனான்தானே, நல்ல மனிசனெண்டு" என்றவள், ஒழுங்கையை எட்டிப் பார்த்தாள். "சைக்கிள் எங்க?"

அவர் துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நான்தான் சொல்ல வேண்டியதாகியது. மீன் கிணற்றுத் தண்ணீரில் இருக்கப் பழகிவிட்டபடியால் இனித் தண்ணீர் காவ ஆள் தேவையில்லையாம், அக்கா. ஒரு வசனத்தில் அடங்கிவிட்டது. அவள் பேணியை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். பிறகு குசினிக்குள் போனாள். தகரத்தின் மூடி திறந்து மூடிய சத்தம் கேட்டது.

"எவ்வளவு கிடக்குது?" என்று சிற்றம்பலத்தார் வெளியில் நின்றபடியே கேட்டார்.

"அரைத் தகரம்."

"ஐப்பசி மழைக்கு இன்னும் மூண்டு மாதம்."

"ஓம்."

அவர் குசினி வாசலில் குந்தினார். பெரிய உடம்புக்காரர், குந்தினபோது சின்ன ஆளாகத் தெரிந்தார். "நான் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்க வேணும். கேட்டவுடன சொல்லிப்போட்டன். ஒண்டுவிடாமல் சொல்லிப்போட்டன்" என்றார். அப்போதுதான் அவருடைய குரல் உடைந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அக்கா பேணியைத் திறந்து ஒரு தட்டில் பிஸ்கற் அடுக்கி எங்கள் முன்னால் வைத்தாள். தானும் ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

"ஏன் இப்ப அழுறியள்? மீனைப் பழக்கின மாதிரி என்னையும் பழக்கிவிடுங்கோ. முதல் ஒரு சிரட்டை. பிறகு ரெண்டு."

பகிடிக்குச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. குசினிக் கூரை வளையில் செருகியிருந்த சிரட்டையை எடுத்து அவருடைய கையில் கொடுத்தாள்.

சிற்றம்பலத்தார் எழும்பிப் போய்க் கிணற்றில் அள்ளினார். ஒரு சிரட்டை அளந்து தகரத்துக்குள் ஊற்றினார். மீன்களைப் பழக்க அவருக்கு மூன்று மாதம் பிடித்தது. தகரத்தில் கிடந்த தண்ணீர் நாலு நாளைக்குத்தான் வரும்.